பயிர் இல்லாத மாதங்களில் பூசணம் எங்கே இருக்கிறது?

புழல் ஏரியைத் தாண்டி செங்குன்றம் வந்தால் சாலையின் இரு பக்கமும் நெல் மண்டிகளும் அரிசி ஆலைகளும்தான். காரனோடையில் கொசஸ்தலை ஆற்றைக் கடந்து பஞ்செட்டி, பொன்னேரி என்று போனாலும், மணலி வழியாக மீஞ்சூர் பக்கம் போனாலும் வயல்கள் தொடங்கிவிடும். சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று பட்டமும் பார்த்த மண் அது. மார்கழிப் பனிக் காலத்தில் அந்தப் பக்கத்து மருந்துக்கடைகளுக்கு நெல் இலையைக் கையில் பிடித்தபடி வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, இலையெல்லாம் கருகுது, இன்னா மருந்து அடிக்கலாம்?"

கேள்வி நியாயமானது, ஆனால் தாமதமானது. இலையில் புள்ளி கண்ணுக்குத் தெரியும்போது பூசணம் உள்ளே நுழைந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். அடுத்த தலைமுறை வித்துகளை, அதாவது பூசணத்துக்கு விதை போன்ற நுண்துகள்களை, வெளியே அனுப்பவும் அது தயாராக இருக்கும். அதனால் முதலில் கேட்க வேண்டியது வேறொன்று என்று நினைக்கிறேன்: போன அறுவடைக்கும் இந்த நடவுக்கும் நடுவில், வயலில் பயிரே இல்லாதபோது, இது எங்கே இருந்தது? பூசணத்துக்குப் பூசணம் இதற்கான பதில் மாறும். அது எப்படி இனப்பெருக்கம் செய்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பதில். அது தெரிந்துவிட்டால் எந்த வேலையை எந்த மாதத்தில் செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு இரவில் நடப்பது

நெல் விளையும் ஊரில் குலை நோயை விட்டுவிட்டு வேறெதிலும் தொடங்க முடியாது. இதை உண்டாக்கும் பூசணம் மக்னபோர்த்தே ஒரைசே. பைரிகுலேரியா ஒரைசே என்றும் எழுதுவார்கள். இலையில் இரு முனையும் கூராக, நடுவில் அகன்று, கண் வடிவத்தில் புள்ளி வரும். ஓரம் பழுப்பு, நடுவே சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் நிறப் பகுதியில்தான் உற்பத்தி. இரவில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டியதும் அங்கிருந்து மெல்லிய காம்புகள் எழும்பும். காம்பு நுனியில் மூன்று அறைகள் கொண்ட, பேரிக்காய் வடிவ வித்துகள் உருவாகும். கொனிடியா என்று பாடப் புத்தகத்தில் படிப்பது இவற்றைத்தான். இதில் ஆண், பெண் சேர்க்கை எதுவும் கிடையாது. தாய்ப் பூசணத்தின் மரபணுக்களை அப்படியே சுமக்கும் நகல்கள் இவை. நன்றாக வளர்ந்த ஒரே புள்ளியிலிருந்து ஒரு இரவில் சில ஆயிரம் வித்துகள் வரை கிளம்பும். அதுவும் ஒரு நாளோடு நிற்காது, பல நாள் தொடரும்.

பெரும்பாலான வித்துகள் நள்ளிரவுக்குப் பிறகு, விடிவதற்குள் காற்றில் ஏறிவிடுகின்றன. அந்த நேரத்தில் இலைமேல் பனி ஈரம் இருக்கும், வெயில் வர இன்னும் சில மணி நேரம் இருக்கும். நெல் இலையில் மெழுகு இருப்பதால் தண்ணீரே சரியாக ஒட்டாமல் உருண்டு ஓடும். ஆனால் வித்து ஒட்டிக்கொள்ளும், அதன் நுனியிலிருந்து ஒரு பசை வெளிவருவதால். இரண்டு மணி நேரத்துக்குள் முளைத்துவிடும். முளையின் முனை வீங்கிக் குவிமாடம் போல ஓர் உறுப்பாக மாறும். அதன் சுவரில் மெலனின் என்ற கருநிறமி படியும். உள்ளே கிளிசரால் சேரும், அது வெளியிலிருந்து தண்ணீரை இழுக்கும், கருநிறமி படிந்த சுவரோ கிளிசராலை வெளியே விடாது. இப்படி உள்ளழுத்தம் ஏறி ஏறி வளிமண்டல அழுத்தத்தைப் போல 80 மடங்கு வரை போகிறது. கார் டயரில் அடிக்கும் காற்றைப் போல முப்பது மடங்குக்கும் மேல். அந்த அழுத்தத்தில் அடியிலிருந்து ஊசி போன்ற ஒரு முளை இலைத்தோலைத் துளைத்து உள்ளே இறங்குகிறது.

இதற்கிடையில் மேலே இருந்த மூன்று அறை வித்து, தன் சத்தையெல்லாம் அந்தக் குவிமாடத்துக்குக் கொடுத்துவிட்டுச் செத்துப்போகிறது. வித்து சாவதைத் தடுத்துவிட்டால் துளைப்பதும் நடப்பதில்லை என்று ஆய்வகங்களில் காட்டியிருக்கிறார்கள். இந்தப் பூசணத்தின் வாழ்க்கையில் என்னை மிகவும் வியக்க வைப்பது இந்த இடம்தான்.

குலை நோய்க்கு வழக்கமாக எழுதிக் கொடுக்கும் டிரைசைக்ளசோல் வேலை செய்வதும் இதே இடத்தில்தான். அது மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. கருநிறமி இல்லாத குவிமாடத்தால் அழுத்தத்தைத் தேக்க முடியாது, துளைக்கவும் முடியாது. ஆனால் பூசணத்தை அது நேரடியாகக் கொல்வதில்லை. ஏற்கெனவே இலைக்குள் போய்விட்ட பூசணத்தை அந்த மருந்தால் வெளியேற்ற முடியாது, புதிதாக வந்து விழும் வித்துகளைத்தான் நிறுத்த முடியும். "மருந்து அடிச்சும் புள்ளி போகல" என்ற புலம்பலுக்குப் பின்னால் இருப்பது இதுதான். போகாது. புள்ளி கூடாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

வித்து விழுவதிலிருந்து புதிய புள்ளி வித்து விடும் வரை, சாதகமான பருவத்தில், ஏறக்குறைய ஒரு வாரம். ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஆயிரக்கணக்கான வித்துகளில் பத்தே பத்து பிழைத்துப் புள்ளியானால் கூட, நாலு வாரத்தில் கணக்கு பத்தாயிரத்துக்கு வந்துவிடும். பாபட்லா என்று நம் பக்கம் சொல்லும் பிபிடி 5204 போன்ற எளிதில் நோய் பிடிக்கும் ரகம், அதோடு யூரியாவைக் கொஞ்சம் தாராளமாகப் போட்ட வயல் என்றால் பத்து என்பது குறைந்த எண்ணிக்கை. கதிர் வெளிவரும் நேரத்தில் வித்து கதிரின் கழுத்தில் விழுந்தால் மேலே உள்ள மணி எல்லாம் பதராகிப்போகும். விவசாயிக்குப் பெரிய அடி விழுவது அந்தக் கழுத்துக் குலையில்தான்.

சரி, பயிர் இல்லாதபோது? குலை நோய்ப் பூசணத்துக்குப் பாலினப்பெருக்கமும் தெரியும். ஆனால் அதற்கு இரண்டு இணை வகைகள் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும், அவற்றில் ஒன்றாவது பெண்ணாகச் செயல்படும் திறனை இழக்காமல் இருக்க வேண்டும். உலகின் பெரும்பாலான நெல் வயல்களில் இந்த இரண்டும் ஒன்றுசேர்வதில்லை. அதனால் வயலில் நாம் பார்ப்பது பெரும்பாலும் நகல்கள்தான். நகல்களுக்கு நீண்ட நாள் மண்ணில் கிடக்கும் கெட்டியான உறக்க உருவம் கிடையாது. வைக்கோல், அறுத்த தாள், விதை, வரப்பில் வளரும் சில புல் வகைகள், இல்லாவிட்டால் பக்கத்து வயலில் நிற்கும் பயிர், இவற்றில் ஏதாவது ஒன்றில்தான் அது காலத்தை ஓட்டியாக வேண்டும்.

பொன்னேரி வட்டாரத்துக்கு இதை வைத்துப் பார்த்தால் ஒரு இடம் பளிச்சென்று தெரிகிறது. சம்பா அறுவடைக்கு நிற்கும் அதே டிசம்பர், ஜனவரியில் நவரைக்கு நாற்று விடுகிறார்கள். கழுத்துக் குலை வந்த சம்பா வயலுக்குப் பக்கத்திலேயே நாற்றங்கால் போட்டால் பூசணம் பயிரில்லாத ஒரு நாளைக் கூடப் பார்ப்பதில்லை. நாற்றங்காலைத் தள்ளிப் போடுவது, நோய் வந்த வயலின் நெல்லை விதைக்கு எடுக்காமல் இருப்பது, வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதுபோல் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் பாக்டீரியாப் பொடி கலந்து நேர்த்தி செய்வது, இவையெல்லாம் மருந்து தெளிப்பதற்கு ஒரு மாதம் முன்னால் செய்ய வேண்டிய வேலைகள். செலவும் குறைவு.

இங்கே கேழ்வரகைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடி மாதம் ராயபுரம், தண்டையார்பேட்டை அம்மன் கோயில்களில் ஊற்றும் கூழுக்கான அதே கேழ்வரகு. அதைத் தாக்கும் குலை நோயும் இதே பூசண இனம்தான், ஆனால் வேறு கிளை. கேழ்வரகிலிருந்து எடுத்த பூசணங்கள் ஆய்வகத்தில் எளிதாக இணைந்து குழந்தை பெறுகின்றன. குலை நோயின் மரபியலைப் படிக்க உலகெங்கும் ஆய்வாளர்கள் இந்தக் கிளையைப் பெரிதும் நம்பியிருந்ததற்கு அதுதான் காரணம்.

காற்றை நம்பாமல் பரவுகிறவை

எல்லாப் பூசணமும் காற்றை நம்புவதில்லை. நெல்லின் இலையுறைக் கருகலை உண்டாக்கும் ரைசோக்டோனியா சொலானி கொனிடியா உருவாக்குவதே இல்லை. அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னி, கடுகு போன்ற கெட்டியான பழுப்பு உருண்டைகளாகின்றன. பூசண முடிச்சு என்று வைத்துக்கொள்ளலாம். அறுவடையில் அவை உதிர்ந்து மண்ணில் கிடக்கும். அடுத்த பட்டத்துக்குத் தண்ணீர் கட்டிச் சேறு அடிக்கும்போது மிதந்து மேலே வரும், நாற்றின் அடித்தண்டில் தண்ணீர் மட்டத்தில் போய் ஒட்டும். நோய் எப்போதும் தண்ணீர் மட்டத்தில் தொடங்கி மேலே ஏறுவது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணி ஆறு பெருகி வரப்பு தெரியாமல் தண்ணீர் நிற்கும் பகுதிகளில் ஒருவர் வயல் முடிச்சு இன்னொருவர் வயலுக்குப் போகத் தடையே இல்லை. சேறு அடித்த பிறகு வயல் மூலையில் காற்று ஒதுக்கிவிடும் நுரையையும் குப்பையையும் வாரி வெளியே போடுவது பழைய வழக்கம். அந்த நுரையில்தான் முடிச்சுகள் நிறைய இருக்கும்.

கரும்பின் செவ்வழுகல் இன்னும் எளிமையானது. நாமே அதை நடுகிறோம். கரும்புக்கு விதை போடுவதில்லை, கரணை வெட்டி வைக்கிறோம். கரணைக்குள் பூசணம் இருந்தால் முளைக்கும் பயிரோடு அதுவும் வளரும். அப்புறம் மழைத்துளியும் பாசன நீரும் அதன் வித்துகளை அடுத்த தூருக்குக் கொண்டுபோகும். நோய் வந்த கரும்பைப் பிளந்து பார்த்தால் உள்ளே சிவந்து, சிவப்புக்கு நடுவே குறுக்காக வெள்ளைத் திட்டுகள் இருக்கும், புளித்த வாடை அடிக்கும். ஒரே ரகக் கரும்பு என்பது ஒரே செடியின் நகல், அதைத் தாக்கும் பூசணமும் பெரும்பாலும் நகல். இரண்டு நகல்களும் பொருந்திவிட்டால் மாநில அளவில் இழப்பு வரும். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் பெயரில் 'கோ' என்று தொடங்கும் ரகங்களில் மிகப் பெரிய வெற்றி பெற்ற கோ 0238, உத்தரப் பிரதேசத்தில் பெரும்பான்மைப் பரப்பைப் பிடித்த பிறகு செவ்வழுகலில் சிக்கியது இப்படித்தான்.

வாழையின் வாடல் நோய்ப் பூசணம் தடித்த சுவருள்ள வித்துகளை மண்ணில் விட்டுப் பல்லாண்டுகள் காத்திருக்கும். அந்த நிலத்தில் அதே ரகத்தை மீண்டும் நடாமல் இருப்பதைத் தவிர உருப்படியான வழி குறைவு. மண்ணில் வாழும் இந்த வாடல் பூசணங்களைப் பற்றி சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி. எஸ். சதாசிவனும் அவருடைய மாணவர்களும் பெரிய அளவில் வேலை செய்திருக்கிறார்கள். அதே ஆய்வகத்தைச் சேர்ந்த சி. வி. சுப்ரமணியன் 1962-ல், பாலினப்பெருக்கம் தெரியாத பூசணங்களை வகைப்படுத்த ஒரு முறையை முன்வைத்தார். வித்து பார்க்க எப்படி இருக்கிறது என்பதைவிட அது காம்பில் எப்படிப் பிறக்கிறது என்பதை அடிப்படையாக வைத்தார். நம் ஊர் ஆய்வகத்தில் வளர்ந்த ஒருவரின் இந்தச் சிந்தனை உலகப் பூசணவியலில் நிலைத்த இடம் பெற்றது. நம் பள்ளிப் பாடங்களில் இதற்கு ஒரு பத்தியாவது இருக்க வேண்டும்.

ஐந்து வகை வித்து, இரண்டு செடி, ஒரு புயல்

நகல் எடுப்பது இவ்வளவு வேகமானது என்றால் பாலினப்பெருக்கம் எதற்கு? இரண்டு லாபம் உண்டு. ஒன்று, இரு பெற்றோரின் மரபணுக்கள் கலந்து புதிய வகைகள் பிறக்கும். எதிர்ப்புத் திறனுள்ள பயிர் ரகத்தை உடைக்க அது உதவும். இன்னொன்று, பல பூசணங்களில் இணைசேர்ந்து உருவாகும் உடல் கெட்டியானது, குளிரையும் வறட்சியையும் தாங்கும்.

இதன் உச்சம் கோதுமையின் கருந்துரு நோய். பக்சீனியா கிராமினிஸ் என்ற இந்தப் பூசணத்துக்கு ஐந்து வகை வித்துகள், இரண்டு ஓம்புசெடிகள், அதாவது அது தங்கி வளரும் செடிகள். கோதுமையில் செம்பழுப்பு வித்துகளாகப் பெருகும். இவை நகல்கள், காற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். பயிர் முதிரும்போது கறுத்த, தடித்த சுவருள்ள வித்துகளுக்கு மாறும். அவை குளிர்காலம் கழித்து முளைத்து மூன்றாவது ஒரு வகையை விடும். அந்த வகை கோதுமைக்குத் திரும்பாது, பார்பெரி என்ற முட்புதரின் இலையில்தான் முளைக்கும். அங்கே இனிப்பான திரவத்தில் மிதக்கும் நுண் வித்துகளை ஈக்கள் ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய் இணை சேர்க்கின்றன. கனடாவில் கிரெய்கி என்ற ஆய்வாளர் இதை 1927-ல் கண்டுபிடித்தார். அதிலிருந்து பிறக்கும் ஐந்தாவது வகை மீண்டும் கோதுமைக்குப் போகும். அமெரிக்கா 1918-லிருந்து பார்பெரிப் புதர்களைத் தேடித் தேடி வெட்டியது இந்தச் சங்கிலியை அறுக்கத்தான்.

இமயமலையிலும் பார்பெரி உண்டு. அதனால் இங்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று எண்ண இடமிருந்தது. ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கே. சி. மேத்தா பல ஆண்டுகள் ஆராய்ந்து அப்படியில்லை என்று காட்டினார். சமவெளியின் கோடை வெயிலில் செம்பழுப்பு வித்துகள் பிழைப்பதில்லை, பார்பெரிக்கும் இங்கே பங்கில்லை. வெயில் தாக்காத மலைகளில் நிற்கும் கோதுமையில் நகலுக்கு மேல் நகலாக ஆண்டு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் பூசணம்தான் ஒவ்வொரு ஆண்டும் கீழே இறங்குகிறது. கருந்துருவுக்கு அந்த மலைகளில் முக்கியமானவை நம்முடைய நீலகிரியும் பழனி மலையும்.

அங்கிருந்து மத்திய இந்தியாவுக்கு எப்படிப் போகிறது? 1970-களில் ஆய்வாளர்கள் எஸ். நாகராஜனும் ஹெச். சிங்கும் வானிலைப் படங்களோடு வைத்துப் பார்த்தார்கள். வங்கக் கடலிலோ அரபிக் கடலிலோ 10 முதல் 15 டிகிரி வட அட்சத்துக்குள், 65 முதல் 85 டிகிரி கிழக்குத் தீர்க்கத்துக்குள் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகி மத்திய இந்தியாவில் போய்க் கரைந்தால், வேறு சில சூழலும் சேர்ந்தால், தென்மலைகளின் வித்துகள் அந்தக் காற்றில் ஏறி அங்கே மழையோடு இறங்கும் என்று விதி வகுத்தார்கள். சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கு, 80 டிகிரி கிழக்கு, சரியாக அந்தக் கட்டத்துக்குள். காசிமேட்டில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிப் படகுகளைக் கரையில் கட்டும் அதே நவம்பர் மாதத்துக் காற்று, கோதுமையே விளையாத நம் கடற்கரையைத் தொட்டு, மத்தியப் பிரதேசத்துக் கோதுமைக்கு நோயைக் கொண்டுபோக முடியும். தென்மலைகளில் துரு தாங்கும் ரகங்களை மட்டும் நட வேண்டும் என்ற அக்கறைக்கும், நீலகிரி வெலிங்டனில் கோதுமை ஆய்வு நிலையம் இருப்பதற்கும் பின்னால் இந்தப் புரிதல் இருக்கிறது.

நகல்கள் கடலும் தாண்டும். கோதுமைக் குலை நோய் 1985-ல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் முதலில் தெரிந்தது. 2016-ல் திடீரென்று வங்கதேசத்தில் தோன்றியது. மரபணுவைப் படித்தபோது தென்னமெரிக்காவின் ஒரு கிளையிலிருந்து வந்த நகல் என்று தெரிந்தது. இவ்வளவு தூரம் காற்றில் வந்திருக்காது, தானியத்தோடு வந்திருக்க வேண்டும் என்பதே பலரின் முடிவு. மேற்கு வங்க அரசு எல்லை மாவட்டங்களான நாடியாவிலும் முர்ஷிதாபாத்திலும் கோதுமை பயிரிடுவதையே நிறுத்திவைத்தது. உறக்க உருவம் இல்லாத பூசணத்துக்கு ஓம்புசெடி இல்லாத ஆண்டுகள் கடினமானவை என்ற கணக்குதான் அதில் இருந்தது. ராயபுரத்தில் நின்றால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசை தெரியும். வரும் விதையையும் தானியத்தையும் தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரிகள் ஏன் நிறுத்திப் பார்க்கிறார்கள் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு வங்கதேசத்தைத்தான் காட்ட வேண்டும்.

நெற்பழமும் கீரைக்கட்டும்

கதிரில் ஒன்றிரண்டு மணிகள் மட்டும் மஞ்சள் உருண்டையாக வீங்கி, பிறகு கரும்பச்சையாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். நெற்பழம் என்பார்கள், லட்சுமி நோய் என்றும் சொல்வார்கள். வந்தால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. காரணம் இல்லாமல் இல்லை. கதிர் கட்டும் நேரத்து ஈரமும் செழித்த பயிரும் இரண்டுக்கும் பொது. ஆனால் அந்த உருண்டைமேல் இருக்கும் பொடி முழுக்க வித்துகள், சில உருண்டைகளில் கெட்டியான முடிச்சும் உண்டு. மண்ணில் விழுந்த முடிச்சிலிருந்து பாலின வித்துகளும் கிளம்பும். இரண்டு வழியும் திறந்திருக்கும் இந்த நோயை மகிழ்ச்சியோடு வரவேற்பது சரியில்லை. அந்தக் கதிர்களை விதைக்கு எடுக்கக் கூடாது.

வயல் பார்க்காதவர்களுக்கும் பெரம்பூர், கொளத்தூர் மாடித் தோட்டத்தில் இதே விஷயம் வரும். வெண்டை, பூசணி இலைமேல் மாவு தூவியது போல் படர்வது சாம்பல் நோய். அதன் வித்து தனக்குள்ளேயே தண்ணீரை வைத்திருப்பதால் முளைக்க ஈரம் வேண்டியதில்லை, இலைமேல் தண்ணீர் நின்றால் அதற்குக் கெடுதல்தான். தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் வாங்கும் முளைக்கீரை இலையின் அடிப்பக்கம் வெள்ளைக் கொப்புளமாக இருப்பது வெண்துரு. பூசணம் என்றே பேசுகிறோம் என்றாலும் உறவில் அது பாசிகளுக்கு நெருக்கமான வேறு கூட்டம். அதன் கொப்புளத்திலிருந்து வருபவை தண்ணீரில் நீந்தும் வித்துகளாகப் பிரியும், இலை நனைந்தே தீர வேண்டும். பாலினச் சேர்க்கையில் உருவாகும் தடித்த வித்துகள் காய்ந்த இலைச் சருகில் தங்கும். ஆகவே கீரைத் தொட்டியில் தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், பழைய சருகை அதே மண்ணில் புதைக்காதீர்கள். பூசணத்துக்கு என்று வைத்திருக்கும் கார்பண்டாசிம் இந்தக் கூட்டத்தின்மேல் வேலை செய்யாது. சமையலுக்குப் பறிக்கும் கீரையில் அதைத் தெளிக்கவும் கூடாது.

மருந்துக்குப் பழகிப்போவதும் இனப்பெருக்கத்தோடு சேர்ந்ததே. ஸ்ட்ரோபிலுரின் வகை மருந்துகள் 1996-ல் சந்தைக்கு வந்தன. இரண்டே ஆண்டில், 1998-ல், வடக்கு ஜெர்மனியின் கோதுமைச் சாம்பல் நோய் அவற்றுக்கு அடங்காமல் போனது. மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது, அவ்வளவுதான். வாரம் ஒரு தலைமுறை, புள்ளிக்கு ஆயிரம் வித்து என்று பெருகும் ஒன்றில் அப்படி ஒரு பிழை எங்காவது வந்தே தீரும். மருந்து மற்றவற்றை எல்லாம் கொன்று, பிழைத்த அந்த ஒன்றின் நகல்களுக்கு இடத்தைக் காலி செய்து கொடுத்துவிடும். நெல்லுக்கு இப்போது விற்கும் பல கலவை மருந்துகளில் இந்த வகைதான் ஒரு பாதி. கடையில் வேறு பெயரில் வேறு டப்பாவைக் கொடுத்தாலும், லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைப் படித்துப் பாருங்கள். அசாக்ஸிஸ்ட்ரோபின், டிரைஃப்ளாக்ஸிஸ்ட்ரோபின் என்று 'ஸ்ட்ரோபின்' என்று முடியும் இரண்டை ஒரே பயிரில் அடுத்தடுத்து அடிக்காதீர்கள்.